உலைக்களம் இங்கே, படைக்கலம் எங்கே?

மேல்நாட்டுப் பழம்பொருள் ஏலக்கூடங்களில் அவ்வப்போது ஒரு கத்தி தலைகாட்டும். மடக்குக் கத்தி அல்ல; அலகின் காம்பு பிடிக்குள் இறங்கி அசையாமல் நிற்கும் முழுக்கத்தி. காட்டுப்பன்றியின் நெஞ்சில் இறக்கவும் ஆகும், கைகலப்பில் ஆளைச் சாய்க்கவும் ஆகும். அலகில் ஆங்கில எழுத்துகளில் முத்திரை அடித்திருக்கும்: ‘அர்னாசெல்லம், சேலம்’. வெள்ளைக்காரர் நாக்கில் அப்படித் தேய்ந்துபோன பெயரின் சொந்தக்காரர், அருணாசலம் என்ற சேலத்துக் கொல்லர். 19-ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த ஆங்கிலேய அதிகாரிகளுக்குப் பன்றி வேட்டை ஈட்டி வேண்டுமா, இடுப்பில் செருகக் கத்தி வேண்டுமா, சேலத்துக்கு ஆள் போகும். இந்த மண்ணில் எத்தனையோ தலைமுறைக் கொல்லர்கள் வாளும் கத்தியும் அடித்திருக்கிறார்கள். பெயரும் தெரிந்து, செய்த பொருளும் கையில் கிடைக்கும்படி மிஞ்சியவர்கள் மிகச் சிலர். அவர்களில் முன்வரிசையில் நிற்பவர் இவர்.

அருணாசலம் என்ற அந்தப் பெயரைத் தந்த திருவண்ணாமலை மலையின் மேற்கு அடிவாரத்தில் அடி அண்ணாமலை இருக்கிறது. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் கூட்டம் ஆதி அருணாசலேசுவரரைக் கும்பிட்டுவிட்டு, மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் என்று வழங்கும் சிறு கோயிலையும் கடந்து நடக்கும். பக்திக்குப் பேர்போன இந்த ஊரிலிருந்து ஒரு நாள் பயணத்துக்குள் கத்தியின் கதைக்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது: இரும்புத் தாது நிறைந்த குன்றுகள், உருக்கு காய்ச்சிய ஊர், குறுவாளோடு விழுந்த வீரர்களின் கற்கள், பயனெட்டோடு வந்த கிழக்கிந்தியக் கும்பினிப் படையின் போர்க்களம். இல்லாதது ஒன்றுதான். நேபாளத்துக்குக் குக்ரி இருக்கிறது. குடகுக்கு ஆயுதக்கத்தி இருக்கிறது. அமெரிக்கக் கடற்படைக் காலாட்களுக்கு கா-பார் இருக்கிறது. உலகுக்கு வாள் எஃகு அனுப்பிய தமிழ்நாட்டுக்கு மட்டும் தன் பெயர் சொல்லும் படைக்கத்தி ஒன்றும் மிஞ்சவில்லை. ஏன்?

‘வெள்ளைக்காரன் அழித்துவிட்டான்’ என்பது மேடையில் கைத்தட்டல் வாங்கும் பதில். ‘நம்மவர் கொலைத்தொழில் அறியாதவர்’ என்பது அதைவிடச் சோம்பேறித்தனமான பதில். திருவண்ணாமலை வட்டாரத்து நடுகற்களைப் பார்த்த யாரும் இரண்டாவதைச் சொல்லத் துணிய மாட்டார்கள்.

அடி அண்ணாமலையிலிருந்து மேற்கே போனால் செங்கம். 1970-களின் தொடக்கத்தில் இரா. நாகசாமி தலைமையில் தமிழ்நாடு தொல்லியல் துறை இந்தச் சுற்றுவட்டாரத்தில் நடுகற்களைத் தேடித் தொகுத்தது. பல்லவர் காலக் கற்கள் அவற்றில் நிறைய. பெரும்பாலும் ஆநிரைச் சண்டையில் பட்டவர்கள்: மாடு கவரப் போனவன், அல்லது மாட்டை மீட்கப் போனவன். இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள், உடம்பில் தைத்த அம்புகள், முன்னோக்கி எடுத்து வைத்த கால். எடத்தனூர்க் கல் எல்லாவற்றிலும் தனி. முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் எருமை மந்தையைக் காத்து இறந்தவன் பெயர் கருந்தேவகத்தி. கூடவே நின்று இரண்டு கள்ளரைக் கடித்த நாய்க்கும் அந்தக் கல்லில் இடம் உண்டு. நாயின் பெயர் கோவிவன். அதையும் விடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கற்களில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். விழுந்தவர்களில் பெரும்பாலோர் சம்பளப் படையாட்கள் அல்லர். மந்தைக்காரர்கள், ஊர்க் காவலர்கள், குறுநிலத் தலைவனின் சேவகர்கள். அவர்கள் கையில் இருந்த குறுவாளும் ஊர்க் கொல்லன் அடித்ததாகத்தான் இருக்க முடியும். கதிர் அறுக்கும் அரிவாளும் ஏர்க்கொழுவும் வடித்த அதே பட்டறை. விவசாயக் கருவிக்கும் ஆயுதத்துக்கும் நடுவே கோடு கிழிக்காத உலகம் அது. பின்னால் வந்த கதை முழுவதையும் புரிந்துகொள்ள இந்த ஒரு சங்கதி உதவும்.

பழமை என்று பார்த்தால் பஞ்சமே இல்லை. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை, இதே மாவட்டத்தின் வந்தவாசி வட்டாரத்தில் உள்ள கீழ்நமண்டி ஈமப்பேழைக்கு கி.மு. 1692 என்று காலம் குறித்தது. மேட்டூர்ப் பக்கத்து மாங்காடு, தெலுங்கனூர் வாள்கள் கி.மு. இரண்டாம் ஆயிரத்தின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை என்கின்றன ஆய்வுகள். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் தோண்டியபோது வாள், ஈட்டி, குத்துவாள் என்று இரும்புப் படைக்கலங்கள் ஏராளமாக வந்தன. இந்த ஆண்டுக் கணக்குகளைப் பற்றி அறிஞர்களுக்குள் வாதம் தொடரும், தொடரட்டும். எவ்வளவு பின்னுக்குப் போனாலும் அது தொடக்கத்தைத்தான் சொல்லும். ஒரு கத்தி மரபு என்பது தொடக்கத்தைவிடத் தொடர்ச்சியைச் சார்ந்தது. ஈமக்காட்டு வாளிலிருந்து சேலத்து அருணாசலம்வரை நூல் பிடித்துக் காட்ட நடுவில் இருப்பது எஃகு.

அந்த எஃகின் முகவரி ஒன்று திருவண்ணாமலைக்குத் தெற்கே, பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இருக்கிறது. மேல்சிறுவலூரில் உலோகம் உருக்கும் மூசைகளின் ஓடுகளும் கசடுமாகக் கிடந்த மேட்டை ஆராய்ந்த சாரதா சீனிவாசன், அங்கே மிகை கரி எஃகு காய்ச்சப்பட்டதை 1994-இல் வெளியிட்டார். ஆங்கிலேயர் ‘ஊட்ஸ்’ என்று எழுதிய உருக்கு இதுதான். கொங்கில் கா. ராஜன் அகழ்ந்த கொடுமணலிலும் இரும்பு, எஃகுத் தொழிலின் உலைகள் வெளிப்பட்டிருக்கின்றன.

காய்ச்சிய முறையைக் கண்ணால் பார்த்து எழுதியவர்களில் முக்கியமானவர் ஜோசியா மார்ஷல் ஹீத். கும்பினி உத்தியோகத்தை விட்டு இரும்பில் இறங்கியவர். சேலம் பக்கத்தில் அவர் கண்டது இது: தேனிரும்பைத் துண்டு துண்டாக நறுக்கி, அரை ராத்தலிலிருந்து இரண்டு ராத்தல்வரை ஒரு மண் மூசையில் அடைப்பார்கள். எடையில் பத்தில் ஒரு பங்கு ஆவாரைச் சுள்ளி சேர்ப்பார்கள். மேலே எருக்கிலை போன்ற பச்சிலைகளை வைத்து, களிமண்ணால் வாயை இறுக மூடுவார்கள். இப்படி இருபது, இருபத்துநான்கு மூசைகளை வளைவாக அடுக்கி, கரி போட்டு, துருத்தியால் இரண்டரை மணி நேரம் ஊதினால் உள்ளே உருக்கு. ஆறியபின் மூசையை உடைத்து எடுத்தால் கைக்கு அடக்கமான ஒரு வில்லை.

சுள்ளியிலிருந்தும் இலையிலிருந்தும் கரிச்சத்து இரும்புக்குள் ஏறுகிறது. மூடிய மூசைக்குள் காற்று புகாததால் எரிந்து வீணாவதில்லை. நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை பங்கு கரி ஏறிய இரும்பு கடினத்தில் வேறு சாதி. ஆனால் அதை அடிப்பது பெரும்பாடு. சூடு ஒரு படி மிஞ்சினால் சம்மட்டி பட்டதும் நொறுங்கும், குறைந்தால் அசையாது. ஐரோப்பியக் கொல்லர்கள் பலர் இந்த வில்லைகளை வாங்கி வைத்துக்கொண்டு திணறியதற்குக் காரணம் அதுதான். இன்னொரு விஷயம், ஒரு மூசை வில்லையின் எடை கிட்டத்தட்ட ஒரு கத்தியின் எடை. வாளுக்கு ஒன்றோ இரண்டோ வேண்டும்; கத்திக்கு ஒன்றே தாராளம். அதாவது இந்தத் தொழில்நுட்பமே அலகுக்கு என்று அளவெடுத்துப் பிறந்தது போலத்தான் இருக்கிறது. பீரங்கிக்கோ தண்டவாளத்துக்கோ அது எந்தக் காலத்திலும் தோதுப்படாது.

சரி, இவ்வளவு அருமையான சரக்கு எங்கே போனது? கப்பல் ஏறியது. தக்காணத்திலும் சோழமண்டலக் கரையிலும் வாங்கப்பட்ட உருக்கு வில்லைகள் பாரசீகத்துக்கும் அரபு நாடுகளுக்கும் போய், அங்கே அலையலையாக வரி ஓடும் வாள்களாகி, டமாஸ்கஸ் என்ற பெயரில் புகழ் பெற்றன. 1790-களில் இந்திய உருக்கின் மாதிரிகள் லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போயின. 1795-இல் ஜார்ஜ் பியர்சன் அதைப் பற்றிக் கட்டுரை படித்தார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்தி வியாபாரி அதில் அறுவைக் கத்திகள் செய்து விற்றார். அவரோடு சேர்ந்து இந்த எஃகின் சூட்சுமத்தைத் தேடிய இளைஞர் மைக்கேல் பாரடே. மின்சாரத்தால் பெயர் பெறுவதற்கு முன்னால் அவர் கை வைத்தது இந்த உருக்கில். பாரிசில் பிரேயன், ரஷ்யாவில் அனோசொவ் என்று தேடல் நீண்டது. 2006-இல் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் பெர்ன் அருங்காட்சியகத்து 17-ஆம் நூற்றாண்டு வாள் ஒன்றில் கரி நுண்குழாய்களைக் கண்டதாக ‘நேச்சர்’ இதழில் எழுத, நம் ஊர்ப் பத்திரிகைகள் ‘நானோ தொழில்நுட்பம் தமிழனுடையது’ என்று தலைப்புப் போட்டுக் கொண்டாடின. கொல்லருக்கு நானோ தெரியாது. சூட்டின் நிறம் தெரியும். அதுவே போதுமான பெருமை.

இதில் உறுத்தும் உண்மை ஒன்று உண்டு. எஃகு இங்கிருந்து போனது. புகழ் பெற்ற அலகு வேறு ஊரில் பிறந்தது. அதைவிட விசித்திரம் தஞ்சாவூர்.

நாயக்கர், மராட்டியர் காலத் தஞ்சை ஆயுதசாலையின் கட்டாரிகள் உலகெங்கும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கட்டாரியை மற்றக் குத்துவாள்போல் பிடிக்க முடியாது. கைப்பிடி குறுக்கே இருக்கும். முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அலகு மணிக்கட்டின் நீட்சியாக முன்னே நிற்கும். தோள் வலு முழுவதும் முனையில் இறங்கும். தென்னாட்டுக் கட்டாரிகளில் புறங்கையை மூட ஓலைமடல் போல வளைந்த கவசம் இருக்கும். யாளிமுகம், கொடி, மணிவேலை என்று இழைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட பிடிகளில் பொருத்திய அலகுகளில் கணிசமானவை ஐரோப்பிய வாள்களை வெட்டிச் செருகியவை! ஐரோப்பிய முத்திரைகள் இன்னும் அவற்றில் தெரிகின்றன. சேலமும் தென்னார்க்காடும் கூப்பிடு தூரத்தில் இருக்க, தஞ்சை அரண்மனைக்குச் சீமை அலகு எதற்கு?

சீமைச் சரக்கு மோகம் அன்றும் இருந்தது என்று சிரித்துவிட்டுப் போகலாம். வேறு காரணமும் பொருந்துகிறது. ஐரோப்பிய நீள வாள் வளைந்து நிமிரும். மிகை கரி எஃகு வெட்டுமுனைக்குச் சிறந்தது, வளைத்தால் ஒடியும். கவசத்துக்குள் குத்தித் திருகும் ஆயுதத்துக்கு ஒடியாத அலகு வேண்டும். ஆக, தஞ்சைக் கலைஞன் சரக்கறிந்தே வாங்கியிருக்கலாம். எப்படியானாலும் விளைவு ஒன்றுதான்: அரண்மனை தன் பணத்தைப் பிடிக்கும் அலங்காரத்துக்கும் செலவிட்டது. அலகு அடிக்கும் கொல்லனுக்கு நிரந்தர வேலை கொடுத்து, அவன் முத்திரைக்கு மதிப்பு வைக்கும் பழக்கம் வேர்விடவில்லை. 1855-இல் இரண்டாம் சிவாஜி வாரிசின்றி இறக்க, கும்பினி தஞ்சையை எடுத்துக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஆயுதசாலை கலைக்கப்பட்டது. பொறுக்கியெடுத்த துண்டுகள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன; பெரும்பகுதி பழைய இரும்பு விலைக்குப் போயிற்று.

படைக்கலம் ஊர்க் கொல்லன் கையைவிட்டு நழுவிய காலத்தின் முதல் காட்சிகளில் ஒன்று திருவண்ணாமலையிலேயே நடந்தது. 1767 செப்டம்பர் 3-ஆம் தேதி, பாராமகாலிலிருந்து கர்நாடகச் சமவெளிக்கு இறங்கும் செங்கம் கணவாயில் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் படையும் ஐதர் அலி, நிஜாம் கூட்டுப் படையும் மோதின. அதே மாதம் 25, 26-ஆம் தேதிகளில் இரண்டாவது மோதல் திருவண்ணாமலையில். கும்பினி வென்றது, சில மாதத்தில் நிஜாம் கூட்டணியைவிட்டு விலகினார். இதற்கு ஏழாண்டு முன்புதான் 1760 ஜனவரி 22-இல் வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர் தோற்றிருந்தார்கள். இந்தப் போர்களில் கும்பினிக்காக நின்ற சிப்பாய்கள் இந்த மண்ணின் பிள்ளைகள். ஆனால் அவர்கள் துப்பாக்கி முனையில் செருகியிருந்த பயனெட், ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் செய்து கப்பலில் வந்திறங்கும் சரக்கு. கருந்தேவகத்தியின் மண்ணில் முதல் முறையாக, போரிடுபவனுக்கும் அவன் அலகைச் செய்தவனுக்கும் நடுவே ஒரு கடல் வந்து படுத்துக்கொண்டது.

அடுத்து வந்தவை சட்டங்கள். கட்டபொம்மனும் மருது சகோதரர்களும் ஒடுக்கப்பட்டபின், 1801 டிசம்பரில் கவர்னர் எட்வர்ட் கிளைவ் தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்து பிரகடனம் வெளியிட்டார். கோட்டைகள் இடிக்கப்பட்டன. பாளையக்காரர்தான் தென்மாவட்டக் கொல்லர்களின் மொத்த வாடிக்கையாளர். அந்த வாடிக்கை ஒரு காகிதத்தோடு முடிந்தது.

சென்னை மாகாணத்தின் மேற்குக் கரையில் இன்னும் வெளிப்படையாகவே ஒரு கத்தியைப் பெயர் சொல்லித் தடுத்தார்கள். 1854-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டம், மலபார் மாப்ளா முஸ்லிம்களின் போர்க்கத்தியைச் செய்வதையும் வைத்திருப்பதையும் குற்றமாக்கியது. கலெக்டர் கானலி ஊர் ஊராகப் போய் வசூலித்தார். 1855 ஜனவரி முடிவதற்குள் 7,561 கத்திகள் ஒப்படைக்கப்பட்டதாக வில்லியம் லோகனின் மலபார் நூல் கணக்குச் சொல்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் கானலி கோழிக்கோட்டு பங்களாவில் வெட்டிக் கொல்லப்பட்டார். 1878-இல் நாடு முழுவதற்கும் ஆயுதச் சட்டம் வந்தது.

தடைக்கு நேர் எதிர்த் திசையில் குடகு. அங்கே கமிஷனர் மார்க் கப்பன் 1861-இல் கொடவர்களுக்கு ஆயுத விலக்கு அளித்தார். கும்பினிக்கு விசுவாசமாக இருந்ததற்குக் கிடைத்த வெகுமதி. இன்றைய இந்திய அரசும் அந்த விலக்கை 2029 வரை நீட்டித்திருக்கிறது. விளைவு கண்ணுக்குத் தெரிகிறது: கொடவ மாப்பிள்ளை இன்றும் இடுப்பில் பீச்சேகத்தி செருகித்தான் மணமேடைக்கு வருகிறார், முதுகுக் கொக்கியில் தொங்கும் ஆயுதக்கத்தியைச் செய்யவும் ஆள் இருக்கிறார்கள். ஒரே காலத்துத் தென்னாடு, ஒரே வகை உலை. ஓரிடத்தில் சட்டம் வழிவிட்டது. இன்னோரிடத்தில் கதவைச் சாத்தியது.

அப்படியானால் வெள்ளைக்காரன்தான் அழித்தான் என்ற மேடைப் பேச்சு சரிதானா? ஹீத்தின் வாழ்க்கை அதை அவ்வளவு எளிதாக விடாது. 1830-ஐ ஒட்டி அவர் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை தொடங்கினார். கஞ்சமலைப் பக்கத்துத் தாதுவும் காட்டு மரக்கரியும் சேர்த்து வார்ப்பிரும்பு காய்ச்சி இங்கிலாந்தின் ஷெபீல்டுக்கு அனுப்பினார். கரிக்காகக் காடுகள் கரைந்தன, போக்குவரத்துச் செலவு ஏறியது, கம்பெனி நொடித்தது. 1853-இல் நான்கு லட்சம் பவுண்டு மூலதனத்தோடு அதைக் கையேற்ற கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி, தென்னார்க்காட்டில் ஓர் ஊதுலையும் காவிரிக்கரையில் இன்னொன்றும் நிறுவியது. பத்தாண்டுகூடத் தாங்கவில்லை. ஊர்க் கொல்லரோடு போட்டி போட வந்த சீமை முதலாளியும் அதே காட்டை எரித்து அதே மண்ணில் தோற்றார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் ஹீத் இங்கிருந்து வெறுங்கையோடு போகவில்லை. மூசையில் காய்ச்சும் எஃகோடு மாங்கனீசு சேர்த்தால் தரம் உயரும் என்று 1839-இல் காப்புரிமை வாங்கினார். ஷெபீல்டு முதலாளிகள் முறையை எடுத்துக்கொண்டு பணத்தை மறுத்தார்கள். வழக்கு நடத்தியே ஓய்ந்து 1851-இல் இறந்தார். ஷெபீல்டின் கத்தி எஃகு மலிவானது. அந்த மலிவு எஃகில் செய்த பேனாக்கத்தியும் சவரக்கத்தியும் அடுப்படிக் கத்தியும் கப்பலில் சென்னைக்கு வந்தபோது சேலத்துக்காரர் அவற்றோடு விலையில் மோத வேண்டியிருந்தது. அந்தப் போட்டிக் காலத்திலும் அருணாசலம் தன் பெயரை அலகில் அடித்து விற்றார் என்பது சின்ன விஷயமில்லை. அவருக்கு ஒரு வாங்குபவர் கூட்டம் இருந்தது: வேட்டைப் பிரியர்களான அதிகாரிகள். அந்தக் கூட்டம் கலைந்ததும் தொழிலும் சுருங்கியது. தனிமனித ஆசையை நம்பிய சந்தைக்கு அதுதான் ஆயுள்.

உலகின் பெயர்பெற்ற படைக்கத்திகளை எடுத்துப் பார்த்தால் எல்லாவற்றின் பின்னாலும் ஒரு கொள்முதல் அதிகாரி நிற்கிறார். 1814 முதல் 1816 வரை நடந்த நேபாளப் போரில் குக்ரியின் வீச்சைப் பார்த்த கும்பினி, அதை ஏந்தியவர்களையே படையில் சேர்த்துக்கொண்டது. கூர்க்கா ரெஜிமெண்டுகள் ஒவ்வொரு ஆளுக்கும் குக்ரி கேட்டன. நேபாளத்துக் காமி சாதிக் கொல்லர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வேலை இருந்தது. 1947-இல் பத்து ரெஜிமெண்டுகளில் ஆறு இந்தியாவுக்கும் நான்கு பிரிட்டனுக்கும் பிரிந்தன. குக்ரியும் இரண்டு பக்கமும் போயிற்று. டேராடூனில் 1943-இல் போர்த் தேவைக்காகத் தொடங்கிய விண்ட்லாஸ் நிறுவனம் இன்றும் குக்ரியும் வாளும் செய்து உலகம் முழுவதும் விற்கிறது.

அமெரிக்கக் கதையும் அதேதான். 1942-இல் கடற்படைக் காலாட்படை ஏழு அங்குல அலகும் தோல்வளையம் கோத்த பிடியும் கொண்ட சண்டைக்கத்தியை ஏற்றுக்கொண்டு, நான்கு தொழிற்சாலைகளுக்கு வேலை கொடுத்தது. நியூயார்க் மாநிலத்து ஓலியன் ஊர் யூனியன் கட்லரி தன் கத்தியில் பொறித்த ‘கா-பார்’ முத்திரை, பிறகு நால்வர் செய்த கத்திக்கும் பொதுப்பெயராகிவிட்டது. முதலில் செய்து கொடுத்த கமிலஸ் நிறுவனம் 2007-இல் மூடப்பட்டது, கா-பார் பிழைத்தது. பிரிட்டிஷ் கமாண்டோக்களின் பேர்பேர்ன்–சைக்ஸ் குத்துவாளோ 1940-இன் இறுதியில் வில்கின்சன் ஆலையில் பேசி முடித்து, 1941 ஜனவரியில் கைக்கு வந்தது. ஜெர்மனியின் சோலிங்கன் இன்னும் சாமர்த்தியசாலி: ஊர்ப்பெயரை வேறு யாரும் அலகில் அடிக்கக் கூடாது என்று 1938-இல் சட்டப் பாதுகாப்பே வாங்கிக்கொண்டது. சேலத்துக்கு அப்படியொரு காவல் இருந்திருந்தால் என்று நினைக்கத் தோன்றும். காவல் இருக்கலாம், கொள்முதல் இல்லாவிட்டால் காப்பதற்குச் சரக்கு இருக்காது.

தமிழ்நாட்டுப் படைவீரனுக்கு அலகு கிடைக்காமல் இல்லை. வேலூர்ப் பக்கத்துக் கம்மவான்பேட்டை, வீட்டுக்கு ஒருவர் படையில் என்று பெயர் வாங்கிய ஊர். இரண்டு உலகப் போர்களில் இந்தப் பக்கத்துச் சிப்பாய்கள் ஏந்திய பயனெட்டுகளில் வங்காளத்து இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையின் முத்திரை உண்டு. முதல் போரில் 17 அங்குல அலகு. இரண்டாம் போரில் காட்டுச் சண்டைக்கும் சிக்கனத்துக்கும் ஏற்ப அதை 12 அங்குலமாகக் குறைத்தார்கள். 1960-களில் திருச்சியிலேயே படைக்கலத் தொழிற்சாலை வந்தது. அங்கே துப்பாக்கி செய்தார்கள்; சேலத்துப் பட்டறைக்கும் அந்த ஆலைக்கும் நடுவே பாதை எதுவும் போடப்படவில்லை. சேலம் இரும்பாலையும் 1980-களில் வந்தது. துருப்பிடிக்காத எஃகுத் தகடு தயாரித்து, சேலம் என்ற பெயரைச் சாப்பாட்டுத் தட்டுகளில் ஏற்றியது.

இந்தக் கதையின் தாது மட்டும் இன்னும் இடத்தைவிட்டு நகரவில்லை. அடி அண்ணாமலையிலிருந்து சற்றுத் தொலைவில் கவுத்திமலையும் வேடியப்பன் மலையும் இரும்புத் தாதோடு நிற்கின்றன. தமிழ்நாடு அரசின் டிட்கோவும் ஜிண்டால் குழுமமும் கூட்டாக அங்கே சுரங்கம் தோண்டத் திட்டமிட்டபோது, காட்டையும் வேடியப்பன் கோயிலையும் முன்னிறுத்தி ஊர்மக்கள் எதிர்த்தார்கள். பரங்கிப்பேட்டைக் காலத்துக் கரிக் கணக்கைத் தெரிந்தவர்களுக்கு அந்த எதிர்ப்பில் நியாயம் தெரியும்.

மிஞ்சியிருக்கும் கத்தித் திறமை எங்கே என்றால், அரிவாளில். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அதற்குப் பேர்போனது. பழைய லாரி வில்பட்டையை வெட்டி, உலையில் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் தட்டி இழுத்து, தண்ணீர் காட்டிப் பதம் ஏற்றி, சாணை பிடிக்கிறார்கள். இதில் வியப்பு என்னவென்றால், நேபாளத்தில் குக்ரி அடிப்பவர்களும் இதே லாரி வில்பட்டையைத்தான் விரும்பி வாங்குகிறார்கள். ஒரே எஃகு, ஏறத்தாழ ஒரே கைவேலை. ஒன்று ராணுவ இசையோடு அணிவகுப்பில் போகிறது. இன்னொன்று சினிமாவில் வில்லன் கையிலும் நாளிதழின் குற்றச் செய்தியிலும் வருகிறது. 1962-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் இந்த வேறுபாட்டை அப்படியே பதிந்து வைத்தன. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதமாக வகைப்படுத்திய அட்டவணை, கிர்பானையும் குக்ரியையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் ஆன கருவிகளுக்கு விலக்கு. அரிவாள் அந்த விலக்கின் நிழலில் வாழ்கிறது. ஊரில் ஒரு வெட்டுக்குத்து நடந்தால் போலீஸ் முதலில் எட்டிப் பார்க்கும் இடமும் பட்டறைதான். செங்கத்து நடுகல் காலத்தில் கோடு கிழிக்கப்படாத இடத்தில் அரசு கோடு கிழித்து, கொல்லரை விவசாயப் பக்கத்தில் நிறுத்திவிட்டது.

நிரந்தரக் கொள்முதல் செய்யும் வாடிக்கையாளர் ஒருவர் மட்டும் இன்னும் இருக்கிறார். கருப்பசாமிக்கும் முனீசுவரனுக்கும் நேர்த்திக்கடனாக அரிவாள் சாத்தும் வழக்கம் விட்டுப்போகவில்லை. ஆள் உயரத்துக்கு, சில கோயில்களில் இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலாக, மணிகட்டிய அரிவாள்கள் பட்டறைகளில் தயாராகின்றன. ஆடி மாதம் நெருங்கினால் வேலை கூடும். கொல்லர்கள் தங்கள் கைவரிசையை முழுமையாகக் காட்டுவது இந்த அலகுகளில்தான். வளைவு, முதுகுத் தடிமன், பூண் வேலை என்று எதிலும் குறை வைப்பதில்லை. சாமிக்குப் போகும் சரக்கு என்பதால் பேரமும் குறைவு.